வடக்குப் பக்கத்துக் கயிறு

தடதடவென்று உருண்ட தார் வாளி கல்லறைகளுக்கு நடுவே போய் விழுந்தது. அதன் பின்னாலேயே சிக்னேயும் கூரையில் வழுக்கினாள்.

நார்வே மலையோரத்தில் எண்ணூறு வருஷமாக நிற்கும் மரத் தேவாலயம் அது. வெயிலில் வெளுத்த தென்புறக் கூரைக்குத்தான் அடிக்கடி தார் பூச வேண்டும். பூசுகிறவளின் இடுப்புக் கயிறு முகட்டைத் தாண்டி வடக்கே இறங்கும். அங்கே தரையில் நின்று தம்பி தோர்கில் பிடித்துக்கொள்வான். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. இவள் கயிற்றைச் சுண்டிக் கேட்பாள். பதிலுக்கு அவன் சுண்டினால் ஏறுவாள். இன்றும் பதில் வந்துதான் ஏறினாள்.

கயிறு விண்ணென்று இறுகி அவளை அந்தரத்தில் நிறுத்தியது.

“பொழைச்சேன்டா! காலையில சோம்பேறின்னு திட்டினதை வாபஸ் வாங்கிக்கிறேன்!” என்று முகட்டைப் பார்த்துக் கத்தினாள்.

பதில் இல்லை. கோபம் தீரவில்லை போலிருக்கிறது. ஆனால் கயிறு, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல, அவளை இறக்கியது. வெயிலில் தார் மணத்தது. மர ஓடுகளும், கூரை முனைகளில் செதுக்கியிருந்த டிராகன் தலைகளும் மிதந்தபடி மேலே போயின. இறங்கவே மனமில்லை அவளுக்கு.

கால் புல்லில் பட்டபோது, சாலைப் பக்கமிருந்து தோர்கில் காபிக் குடுவையோடு ஓடி வந்தான்.

“உனக்கென்ன பைத்தியமா அக்கா? காபி எடுக்கப் போனவன் வர்றதுக்குள்ள ஏறிட்டே! கயித்தைப் பிடிக்க அங்க ஆளே இல்லியே!”

சிக்னே இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். கயிறு விறைப்பாகவே இருந்தது.

“கத்தாதேடா,” என்றாள் மெதுவாக. “பிடிச்சவங்க இன்னும் கையை விடல.”