கற்பனைக்கு மார்க் இல்லை

“ஒரு மார்க்காவது போடுங்க சார். குழந்தை பாவம்” என்று மேசை ஓரமாக நின்று கெஞ்சினாள் லூசியா டீச்சர்.

திண்டிவனத்தை ஒட்டிய கிராமத்துப் பள்ளிக்கூடம் அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எழுத வருகிறதா என்று சோதிக்க விழுப்புரத்திலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் வெங்கடாசலம், பானுப்ரியாவின் தாளைப் பிடித்துக்கொண்டு கொதித்தார். காக்கா, நரி என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் மார்க்கை அள்ளிப் போட்டவர்தான்.

“இன்னா எழுதியிருக்கா, கேளுங்க” என்று சத்தமாகவே படித்தார்.

‘ஒரு பள்ளிக்கூடத்தின் பின்னால் நாலு சுவர் இருந்தது. கூரை இல்லை, கதவு இல்லை. ஓர் அதிகாரி வந்தார். வண்டியை விட்டு இறங்காமலே, சுவர் இருக்குதில்ல, கழிப்பறைன்னு எழுதிக்கிறேன் என்றார். அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகள் சாயந்திரம் வரைக்கும் தண்ணீரே குடிப்பதில்லை.’

கழிப்பறை கேட்டு லூசியா போட்ட மனுவுக்கெல்லாம், ‘ஏற்கெனவே உள்ளது’ என்றே பதில் வந்திருந்தது. மதியத்துக்குமேல் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு வயிறெரிந்தது.

“யார் சொல்லிக் குடுத்தது?” என்று பானுப்ரியாவைப் பார்த்து உறுமினார்.

“நானே பார்த்தேன் சார்” என்றாள் அவள், தலையைக் குனியாமல்.

“அதெல்லாம் கற்பனை சார். அதிகாரிங்க அப்படியா செய்வாங்க? அஞ்சுக்கு அஞ்சே போடலாம்” என்று குறுக்கே வந்தாள் லூசியா.

“எது கற்பனை? போன வருஷம் நான் சொன்னதை ஒரு வார்த்தை உடாம எழுதியிருக்கா! நடந்ததை எழுதினா அது கதையே இல்லன்னு ட்ரெய்னிங்ல படிச்சிப் படிச்சி சொன்னேனே, காதுல வாங்கினீங்களா?” தான் போட்ட விதியில் யாராவது கை வைத்தால் வெங்கடாசலத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

“நான் கற்பனைன்னுதான் சார் சொல்வேன்.” லூசியா இம்மியும் அசைவதாக இல்லை.

“எனக்கே கதை சொல்றீங்களா? ஜீரோ!” என்று சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

“ஜீரோ போட்டா காரணம் எழுதணுமே சார். உங்க ரூலுதானே?”

“எழுதாம உடுவேனா?”

‘கற்பனை சிறிதும் இல்லை. இந்தப் பள்ளியில் நடந்ததை அப்படியே எழுதியுள்ளாள்’ என்று தாளின் மேலேயே அழுத்தி எழுதினார். கையெழுத்துப் போட்டார். போதாதென்று ஆபீஸ் முத்திரையையும் ஓங்கிக் குத்தி, தாளை லூசியாவிடம் நீட்டினார்.

அவள் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

“ஒரு மார்க்குக்கு இவ்ளோ நேரம் பேஜாரு பண்ணீங்களே, வாங்க முடிஞ்சிதா?” என்று நக்கலாகச் சிரித்தார் வெங்கடாசலம்.

“மார்க்கு கெடக்குது சார். கக்கூஸ் இல்லன்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்துட்டீங்க.”