பின் சீட்

"யாரைக் கேட்டுடி என் ரேஸ் பைக்கை எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்தே? சோபாவுக்கு ரெண்டு சக்கரம் வச்ச மாதிரி இருக்கு இது!"

அவன் கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"தூரப் பயணத்துக்கான பைக். பின் சீட்ல சாய்மானம்கூட இருக்கு" என்றாள் மனைவி.

"உன் சொகுசுக்கு என் மானத்தை வாங்கிட்டியே!"

அவள் ஹெல்மெட்டை மாட்டி, முன்னால் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள்.

"கண்ணுமண்ணு தெரியாம ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தது நீங்க. சாய்மானம் உங்களுக்குத்தான். ஏறுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினான். முதல் திருப்பத்திலேயே அவள் தோளை இறுக்கிப் பிடித்து அலறினான்.

"மெதுவாப் போடி!"

"கல்யாணமான நாள்லேருந்து பின்னாடி உட்கார்ந்து நானும் இதைத்தான் கத்தினேன். உங்க காதுல விழுந்துச்சா?"

ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்கினாள்.