மீண்டும் உள்ளிடவும்

அப்பா தன் போனை இரண்டு கைகளாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். அறைக் கதவை ஏற்கெனவே சாத்தியிருந்தார்.

வாங்கும்போதே அது அதிர்ந்தது. பூட்டிய திரையின் மேலேயே செய்தி முழுதாக வந்து நின்றது. ‘மாத்திரை போட்டாச்சா? பொய் சொன்னா பாதி வழியில இறக்கி விட்டுருவேன்.’

அனுப்பியவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். கண் மருத்துவமனையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில், அவரைப் போலவே ஒரு கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மையாராம். இப்போது இருவரும் வாரம் தவறாமல் பூங்காவில் சந்திக்கிறார்கள். அம்மா போய் வெகுகாலமாகிறது. ஆனாலும் அண்ணனுக்குத் தெரிந்தால் அப்பா அதன்பிறகு வாசற்படி தாண்ட முடியாது.

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் காது சிவந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு எரிந்தது.

"இதெல்லாம் யார் கண்ணுலயும் படாம இருக்கணும்னா புது போனே வாங்கணுமாம். இல்லன்னா உள்ள இருக்கிற சிஸ்டத்தையே மாத்தணுமாம். கடைக்காரன் சொல்றான்மா."

"ஒண்ணையும் மாத்த வேண்டாம்பா. இருக்கிறதையே வாயை மூட வைக்கலாம்."

கூடத்தில் அண்ணன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு சண்டை நடக்கும், கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதோடு முடிந்துபோகும். எனக்கு அது போதாது.

வேலையை ஒழுங்காகவே செய்தேன்.

பூட்டிய திரையில் செய்தியும் அனுப்பியவர் பெயரும் தெரியாமல் மறைத்தேன். அப்பா எங்கே இருக்கிறார் என்று அண்ணன் போனுக்குப் போய்க்கொண்டிருந்த தகவலை நிறுத்தினேன். அண்ணன் இந்தப் போனைத் தன் கணக்கில்தான் அமைத்துக் கொடுத்திருந்தான். அப்பா எடுக்கும் படமெல்லாம் நேராகப் போய்க் கூடத்து டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பூங்கா பெஞ்சில் நடத்துநர் அம்மா வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்று இருந்தது. போனில் சார்ஜ் குறைந்து கிடந்ததால்தான் அது இன்னும் டிவிக்குப் போகவில்லை. அந்தக் கணக்கைத் தூக்கினேன்.

டார்ச் செயலி அப்பாவின் தொடர்பு எண்களையெல்லாம் கேட்டு வாங்கி வைத்திருந்தது. வெளிச்சம் காட்டுவதற்கு அதற்கு எதற்கு ஊரார் நம்பர்? பிடுங்கினேன். சீட்டாட்டச் செயலியிடமிருந்து மைக்கைப் பிடுங்கினேன். ஒவ்வொன்றையும் பிடுங்கும்போது எனக்கு நன்றாக இருந்தது.

திரை சீக்கிரம் அணைய வேண்டும், அணைந்ததுமே பூட்டிக்கொள்ள வேண்டும் என்று வைத்தேன்.

அடுத்து விரல் ரேகை. இரண்டு விரல்கள் பதிவாகியிருந்தன. ஒன்று அப்பாவுடையது. இன்னொன்று யாருடையது என்று கேட்கவே வேண்டாம். இரண்டையும் அழித்தேன்.

"என்னோடது இருந்துட்டுப் போகட்டுமேம்மா."

"தூங்கும்போது யாராவது உங்க கையைத் தூக்கி வெச்சுட்டா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சில வருஷங்களுக்கு முன்னால், அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ஒரு மதியம், கட்டை விரலில் கண்ணாடி பட்ட குளிர்ச்சியில் விழித்தேன். கட்டிலோரம் அப்பா. ஒரு கையில் என் விரல், மறு கையில் என் போன். நான் கையை உதறுவதற்குள் அது திறந்துவிட்டது. நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்தவனைக் கூப்பிட்டு என்ன சொன்னாரோ தெரியாது, அவன் அந்த வாரமே ஊரை விட்டுப் போனான். இனி அந்தப் பெயர் இந்த வீட்டில் காதில் விழக் கூடாது என்றார் அப்பா.

விழவில்லை. பிறகு வந்த வரன்களையெல்லாம் நான் ஏன் தட்டிக்கழித்தேன் என்று கேட்க வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

கடைசியாகக் கடவுச்சொல். அம்மா பெயரை வைக்கலாமே என்றார் அப்பா.

"அது எல்லாருக்கும் தெரியும்பா. இந்த வீட்டில யாருமே சொல்லாத பேரா இருக்கணும்."

தட்டினேன். உறுதிசெய்ய மீண்டும் உள்ளிடவும் என்றது போன். அப்பாவிடம் நீட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். என்ன பெயர் என்று கேட்பார் என்றுதான் காத்திருந்தேன். கேட்டால் வாயைத் திறக்கக் கூடாது என்றும் முடிவு செய்து வைத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை.

அப்பாவுக்கு முணுமுணுக்காமல் தட்ட வராது. செய்தித்தாளையும் அப்படித்தான் படிப்பார். ஆள்காட்டி விரல் எழுத்து எழுத்தாக இறங்க, உதடும் கூடவே அசைந்தது. எதையும் அவர் மறந்திருக்கவில்லை. முடித்ததும், சரிபார்ப்பதற்காக, முழுப் பெயரையும் ஒரு தடவை சேர்த்துச் சொல்லிப் பார்த்தார்.

போன் ஏற்றுக்கொண்டது. சற்று நேரத்தில் திரை அணைந்தது.

உடனே அதிர்ந்தது. ‘ஒரு புதிய செய்தி’ என்று மட்டும் வந்தது. யார் அனுப்பியது, என்ன எழுதியிருக்கிறது, எதுவும் தெரியவில்லை. கேட்டபடி செய்து கொடுத்துவிட்டேன்.

அதைப் படிக்க அப்பா முதல் எழுத்திலிருந்து மறுபடியும் முணுமுணுக்க ஆரம்பித்தார்.

கடவுச்சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பதை மட்டும் நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.