பத்தின் தோள்மேல் ஓர் ஏழு

இளையவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து மூத்தவள் கதவைச் சாத்தினாள். அவளை ஒழித்துக்கட்ட ஒரு விரல் போதும். அதன் பிறகு இந்த அறையில் தன் பேச்சுதான் எடுபடும்.

உயிர் உரம் தயாரிக்கும் ஆலையின் ஆய்வுக்கூடம் அது. வேலை பார்ப்பவர்கள் இவர்கள் இருவரே. இவர்களில் யார் பிரிவுத் தலைவி என்பதை மேலாளர் இன்று மாலை அறிவிக்கப்போகிறார்.

பதினான்கு ஆண்டுகள் இங்கே உழைத்தவளின் காதில் இரண்டு மாதமாக விழுவதெல்லாம், "சின்னப் பொண்ணு எவ்வளவு சுத்தமா எழுதுது பாருங்க" என்ற புகழ்ச்சிதான். முந்தி முளைத்த செவியைப் பிந்தி முளைத்த கொம்பு மறைத்துவிட்டது.

மேசைமேல் இளையவளின் நோட்டு விரிந்து கிடந்தது. 'பத்துப் பத்து மடங்காக ஆறு முறை நீர் கலந்து நீர்க்கச் செய்தது. தட்டில் எண்ணிய நுண்ணுயிர்ப் புள்ளிகள் 42. ஒரு கிராமில் நுண்ணுயிர்கள்: 4.2 × 10⁶.' முத்து முத்தான கையெழுத்து. பார்க்கப் பார்க்க மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

கணினியில் அறிக்கையும் அதே எண்ணோடு காத்திருந்தது. பத்தின் அடுக்கு ஏழைத் தொடாத உரம் குப்பைக்குப் போக வேண்டும் என்பது ஆலையின் விதி.

அவள் ஆறை அழித்துவிட்டு ஏழு என்று அடித்தாள். தேறாத உரத்தைத் தேறியதாகக் காட்டியவள் என்ற பழி விழுந்தால், அப்புறம் அந்தக் கையெழுத்தை யார் மெச்சுவார்கள்?

கதவு திறந்தது.

"அக்கா, உங்களுக்கும் டீ வாங்கிட்டு வந்தேன். சர்க்கரை கம்மிதான்."

"வெச்சுட்டுப் போ. எனக்கு ஒண்ணும் கை கால் விளங்காமப் போகலை."

நோட்டோடு ஒப்பிடாமல் எந்த அறிக்கையிலும் மேலாளர் கையொப்பமிட்டதில்லை. மாலையில் இருவரையும் எதிரே நிறுத்திவைத்து ஒப்பிட்டவரின் புருவம் சுருங்கியது.

"என்னம்மா இது? நோட்டுல ஆறு, அறிக்கையில ஏழு?"

"நான் ஆறுன்னுதானே சார் அடிச்சேன்..." என்றாள் இளையவள்.

"பின்ன, ஏழு தானா நடந்து வந்துச்சாம்மா?" என்றாள் மூத்தவள், பரிவைக் குரலில் பூசிக்கொண்டு.

மேலாளர் நோட்டை இழுத்துக் கணக்குப் போட்டார். பாதியிலேயே பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, நாற்பத்திரண்டை நாலு புள்ளி ரெண்டா ஆக்கினியே, புள்ளி ஒரு இடம் நகர்ந்ததுக்கு அடுக்குல ஒண்ணு கூட்ட வேணாமா? ஏழுதான் சரி! ஆறுன்னு போயிருந்தா ஒன்பது டன் நல்ல உரத்தைக் குப்பையில கொட்டியிருப்போம். உன் வேலையும் போயிருக்கும்."

மூத்தவள் நோட்டை எட்டிப் பார்த்தாள். பதினான்கு ஆண்டுகள் பழகிய கண், எதிராளியின் கையெழுத்தைப் பார்த்ததே தவிர, கணக்கைப் பார்க்கவில்லை.

"இதைத் திருத்தினது யாரோ, தலைவி பதவி அவங்களுக்குத்தான்," என்றார் மேலாளர்.

இளையவள் மெல்லத் திரும்பினாள். கண் தளும்ப, மூத்தவளின் கைகள் இரண்டையும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"என்னைக் காட்டிக் கொடுக்காம, சத்தமில்லாமத் திருத்தி வெச்சிருக்கீங்களே அக்கா!"