தொண்ணூறைத் தாண்டாத சிடி

"எட்டு சிடி போட்டுப் பார்த்துட்டேன் தம்பி. எட்டும் தொண்ணூறு சதவீதத்துக்கு வந்ததும் நின்னுடுச்சு. நாளைக்குத் தங்கச்சி பொண்ணு கல்யாணம். நாப்பது சிடி கையில இருந்தாகணும்" என்றார் பெரியவர்.

மெக்கானிக் கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினான். பதினைந்து வருஷத்துப் பழசு. உள்ளே தூசி, பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்தது.

பெரியவர் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'அளவோடு பேசுவோம்' என்ற தலைப்பில் தம் சொந்தக் குரலில் ஓர் உரையைப் பதிவு செய்திருந்தார். எழுபத்தொன்பது நிமிடம். அதற்குமேல் சிடியில் இடமில்லை என்பதால் நிறுத்திக்கொண்டார்.

"போன தடவை வந்தப்போ உங்களுக்கும் ஒண்ணு கொடுத்தேனே, கேட்டீங்களா?"

"கேட்டேன் சார். ரொம்பப் பயனா இருந்தது" என்றான் மெக்கானிக், விழாத திருகாணியைத் தேடிக் குனிந்தபடி.

சமையலறையிலிருந்து பெரியவரின் மனைவி குரல் வந்தது.

"அந்தப் பெட்டியைப் பழைய சாமான்காரன்கிட்ட தள்ளிவிடச் சொல்லுங்க தம்பி. நாம கல்யாணத்துக்குப் போறோமா, சிடி கடை விரிக்கப் போறோமா?"

பெரியவர் காதில் விழாதவர்போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மெக்கானிக்குக்குக் கசந்தது. அரைமணி முன்பு கதவைத் திறந்தபோதே அந்தம்மாள் அவனை 'வாங்க' என்றுகூடச் சொல்லவில்லை. வாசலில் நின்ற அவன் ஸ்கூட்டரையே முறைத்துப் பார்த்தாள். வழியை மறித்து நிறுத்திவிட்டோமோ என்று அவன் அதை நகர்த்தி வைக்க வேண்டியிருந்தது. இப்படி ஒரு வாயோடு இந்த மனிதர் எத்தனை வருஷம் குப்பை கொட்டினாரோ?

சிடி ரைட்டரின் லென்ஸைத் துடைத்தான். கேபிளை மாற்றினான். புது சிடி ஒன்றை உள்ளே தள்ளி, உரையை அதில் எழுதவிட்டான்.

பெரியவர் திரைக்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தராசு முள்ளைப் பார்த்துப் பழகிய கண். எண்ணிக்கையை உரக்கச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"எண்பத்தெட்டு... எண்பத்தொன்பது... தொண்ணூறு..."

உள்ளே மிக்ஸி அலறியது. சிடி ரைட்டர் ஒரு முனகலோடு நின்றது.

"பார்த்தீங்களா தம்பி?"

"வேகம் அதிகம் சார். குறைச்சுப் பார்ப்போம்."

இந்த முறை எழுதி முடிக்கவே இருபது நிமிடம் ஆகும். இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"எண்பத்தொன்பது... தொண்ணூறு..."

மிக்ஸி அலறியது. தலைக்குமேல் இருந்த டியூப்லைட் மங்கிச் சிமிட்டியது. ரைட்டர் நின்றது.

மெக்கானிக்குக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டு அறைக்கும் ஒரே மின்கம்பி. மிக்ஸி ஓடினால் இந்தக் கிழட்டுக் கணினிக்கு மூச்சு வாங்குகிறது.

"ஒரு நிமிஷம் சார்" என்று சமையலறைக்குப் போனான். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்றுதான் போனான்.

"அம்மா, அவர் சிடி போடும்போது நீங்க அரைக்காம இருந்தா..."

மிக்ஸி ஜாடிக்குள் ஒன்றுமே இல்லை. கழுவித் துடைத்த ஜாடி, காய்ந்து கிடந்தது.

அந்தம்மாள் சுவிட்சை அணைத்தாள்.

"அவர்தான் சத்தமா எண்ணிச் சொல்றாரே. தொண்ணூறு வந்ததும் போடுவேன்."

"ஏம்மா இப்படி? பாவம், பெரியவர்..."

"மெதுவாப் பேசுங்க" என்றாள். "போன வருஷம் எங்க அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோனப்போ, வந்தவங்க எல்லாருக்கும் இவர் ஆளுக்கு ஒண்ணு கொடுத்தார். மறு மாசம் ரெண்டு பேருமா அங்கே போறோம். தெருமுனையிலேயே என் கண்ணுல பட்டுடுச்சு. அண்ணன் வீட்டுக் கொய்யா மரத்துல, வந்தவங்க விட்டுட்டுப் போன பதினோரு சிடி. கிளி கொத்தாம இருக்கக் கட்டியிருக்காங்க. இவர் நாலடி பின்னால வர்றார். 'எனக்குத் தலை சுத்துது, வீட்டுக்குப் போயிடலாம்'னு அப்படியே திருப்பிக் கூட்டிட்டு வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் தலை சுத்துமா தம்பி? நாளைக்கு நாப்பது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தா, நான் எத்தனை தெருவுல அவரைத் திருப்புவேன்?"

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது.

"என்ன ஜனங்கம்மா. ஒரு பெரிய மனுஷன் ராத்திரி பகல் உழைச்சுப் பேசிக் கொடுத்திருக்கார். பிடிக்கலைன்னா ஓரமா வெச்சுட்டுப் போகலாம். இப்படியா கட்டித் தொங்கவிடுவாங்க? மனசாட்சி வேண்டாம்?"

அந்தம்மாள் அவனை உற்றுப் பார்த்தாள். ஜாடியைக் கழற்றி அலமாரியில் வைக்கத் திரும்பிக்கொண்டாள்.

மெக்கானிக் கூடத்துக்கு வந்தான்.

"ரைட்டர் போயிடுச்சு சார். லென்ஸ் தேஞ்சிருக்கு. இந்த மாடல்ல இப்போ புதுசும் வர்றதில்ல."

பெரியவர் வீணாய்ப்போன பத்து சிடிகளையும் ஓரம் பிசகாமல் அடுக்கினார்.

"அப்போ கல்யாணத்துக்கு வர்றவங்களுக்குக் கொடுத்துவைக்கலை" என்றார்.

"ஆமாம் சார்."

மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். தான் சொன்ன பொய்யில் இருந்த நல்ல மனசு அவனுக்கே மிகவும் பிடித்திருந்தது.

அந்தம்மாள் பின்வாசல் வழியாகச் சுற்றிவந்து, அவனுக்கு முன்பே ஸ்கூட்டர் அருகில் நின்றிருந்தாள். கையில் கத்தரிக்கோல்.

"உங்களை வழியனுப்பச் செருப்பு மாட்டிட்டிருக்கார் தம்பி. அதுக்குள்ள சீக்கிரமா இதையும் வெட்டி எடுத்துடுங்க" என்றாள்.

உடைந்துபோன பின்விளக்கின் இடத்தில், கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்த 'அளவோடு பேசுவோம்' வெயிலில் பளிச்சென்று மின்னியது.