மாமனார் வழுக்கிய இடம்

"மாமனாரை ஆஸ்பத்திரியில விட்டுட்டு, வீட்டைச் சுத்திக் கழுவற மருமகனை இன்னிக்குத்தான் பாக்கறேன்!" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, மதிலுக்கு மேல் தலையை நீட்டி.

"தூசிக்கா... ஒரே தூசி."

தூசி இல்லை, பாசி. வீட்டின் பக்கவாட்டில், மாமனாரின் அறை வரை பதித்த கான்கிரீட் கற்களில் வெயிலே படாது. தேய்க்கச் சொல்லி மனைவி நச்சரித்தபோது, "ஞாயித்துக்கிழமையே தேய்ச்சாச்சு" என்று வாய் கூசாமல் சொல்லியிருந்தான். அவள் அந்தப் பக்கம் போவதில்லை என்ற தைரியம்தான்.

இன்று காலை, நடை முடித்து வந்த மாமனார் அங்கேதான் சர்ரென்று வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தான். வேலையிடத்திலிருந்து மனைவி ஓடி வந்ததும், "அடுப்பை அணைச்சேனான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று நழுவிவிட்டான். நழுவுவதில் அந்தக் குடும்பத்தில் அவனுக்கே முதலிடம்.

ஆசிட் ஊற்றினால் நொடியில் வேலை முடியும். ஆனால் கான்கிரீட் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். சோப்புத் தண்ணீரும் முரட்டு பிரஷ்ஷும்தான் கதி. முட்டி தேயத் தேய்த்தான். பாசி போயிற்று. கூடவே கல் இடுக்குகளில் இருந்த மணலும் போயிற்று.

ஈரம்? மேஜை விசிறியைத் தூக்கி வந்து கல்லுக்குக் காற்று வீசவைத்தான். காய்ந்த இடத்தில் புது மணலைத் தூவி இடுக்குகளை அடைத்தான்.

போன் அடித்தது.

"அடுப்பு?"

"அணைஞ்சிருக்கு."

"அதைப் பாக்க இவ்வளவு நேரமா? கட்டுப் போட்டாச்சு. கிளம்பிட்டோம்."

விசிறியை உள்ளே கடத்துவதற்கும் ஆட்டோ வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

ஆஸ்பத்திரி உடையில் இறங்கினார் மாமனார். ஒரு கையில் மாவுக்கட்டு, மறு கையில் பை. மனைவி நேரே அந்த இடத்துக்குப் போய், குனிந்து கல்லைத் தடவினாள்.

"பாசியே இல்லாம பளிச்சுன்னு இருக்கே! எப்படிப்பா விழுந்தீங்க?"

மாமனார் கல்லைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"தலை கொஞ்சம் சுத்துச்சும்மா."

"தலைசுத்தலா? பாவம், நான் இவரைப் போய்ச் சந்தேகப்பட்டேனே. இனிமே தனியா வாக்கிங் கிடையாது. கேட்டைத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரிம்மா."

நடை இல்லாவிட்டால் அவருக்குப் பொழுதே விடியாது. அது அவனுக்கும் தெரியும். ஆட்டோவுக்குக் கொடுக்கச் சில்லறையை எண்ண ஆரம்பித்தான்.

வெந்நீர் வைக்க மனைவி உள்ளே போனாள். மாமனார் பையை அவனிடம் நீட்டினார்.

"என் பேண்ட் இருக்கு, மாப்பிள்ளை. பின்பக்கம் பூராப் பச்சை. அவ துவைக்க எடுக்கறதுக்குள்ள அதையும் தேய்ச்சு வெச்சுடுங்க."