புத்தகத்தோடு ஒரு பாட்டு

கிளை நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, நிலோபர் தனக்குப் பிடித்த புத்தகங்களுக்குள் ஒரு சீட்டு வைத்துவிடுவாள். படித்து முடித்ததும் எந்தப் பாட்டைக் கேட்டால் நன்றாயிருக்கும் என்று அதில் எழுதியிருப்பாள். செவ்வாய்க்கிழமை மதியம் ஒருவர் வந்து, அந்த மாதிரி ஏழெட்டுச் சீட்டுகளை அவள் மேஜைமேல் போட்டார்.

"இதெல்லாம் நீ எழுதினதா?"

"ஆமா சார்."

"என் சம்சாரம் அமுதவல்லி பையில இருந்துச்சு. மாடிப்படியில விழுந்து நாலு நாளா கண்ணே திறக்கல. பிடிச்ச பாட்டைக் காதுகிட்ட போட்டுப் பாருங்கன்னு டாக்டர் சொல்றாரு. இதுல அவளுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியல."

நிலோபருக்குத் தெரியும். அமுதவல்லி தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்துதான் படிப்பாள். ஒரு புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை; சீட்டை மட்டும் பையில் போட்டுக்கொள்வாள். ஏன் என்று கேட்டபோது, "அவர் பார்த்தா கிழிச்சிடுவாரும்மா" என்று சிரித்தாள். சிரித்தபடியே முந்தானையை இழுத்து, கன்றிப்போன கையை மூடிக்கொண்டாள்.

"பாட்டுப் பேரை மட்டும் எழுதிக் குடு" என்று அவர் பேனாவை நீட்டினார்.

"நானே வந்து போடறேன் சார்."

ஆஸ்பத்திரியில் அவர் முந்திப்போய் மனைவியின் தலைமாட்டில் நின்றுகொண்டார். நிலோபர் போனைக் கையில் எடுத்தாள். அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"பாட்டு முடியறவரைக்கும் நீங்க வெளிய இருங்க சார்."

அவர் அசையவில்லை. மருந்து கலந்துகொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். நிலோபர் பாட்டைப் போடாமல் காத்திருந்தாள்.